மறுப்பில்லாத மூன்றாம் தளம்

பேராசிரியர் தணிகாசலம் எழுந்து நின்று, நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம், வெயில்ல வந்திருக்கீங்க" என்று சொன்னபோதே அந்த ஆய்வகத்தில் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று சகாயராணிக்குத் தெரிந்துவிட்டது.

அவள் அந்தப் பல்கலைக்கழகத்தின் உயிரிப் பாதுகாப்பு அலுவலர். எந்த ஆய்வகத்தில் என்ன கிருமி வளர்க்கிறார்கள், என்ன மருந்து தயாரிக்கிறார்கள், கழிவு எங்கே போகிறது, மனிதர்கள் மேல் சோதனை என்றால் அவர்களிடம் முறையாகச் சம்மதம் வாங்கினார்களா என்றெல்லாம் நேரில் போய்ப் பார்ப்பதும், சரியில்லையென்றால் நிறுத்துவதும் அவள் வேலை. நிறுத்துகிறவளை யாருக்குப் பிடிக்கும்? நாகர்கோவிலிலிருந்து கோவைக்கு வெளியே மலையடிவாரத்தில் இருந்த அந்த வளாகத்துக்கு அவள் வந்த முதல் வருடத்திலேயே 'முட்டுக்கட்டை ராணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். விதிப்படி ஆய்வகத்துக்குள் இறுக்கமான வடிகட்டி முகமூடி அணிந்துதான் போவாள். அதற்கும் ஒரு பெயர் இருந்தது. கேன்டீனில் அவள் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காருவதில்லை. அவளுடைய ஸ்கூட்டரில் காற்று இறங்கியிருப்பது வாடிக்கை.

அவர்களில் எல்லாரையும்விட அவளை அதிகமாக வெறுத்தவர் தணிகாசலம். நரம்பியல் துறைத் தலைவர், வேலூர்க்காரர். ஒருமுறை மாணவர்கள் எல்லார் முன்னாலும், "சயின்ஸ் வராதவங்கதான் சேஃப்டிக்கு வருவாங்க" என்றார். இன்னொரு முறை ஒரு மதியம் முழுக்க அவளை வராந்தாவில் நிற்கவைத்தார். அவளும் சும்மா இருந்ததில்லை. அவருடைய குளிர்பதனப் பெட்டிகளைப் பூட்டி முத்திரை வைத்திருக்கிறாள். அவருடைய ஒரு வருட வேலை அதில் வீணானது. இருவருக்கும் நடுவில் இருந்தது நேர்மையான பகை.

இன்று அந்த மனிதர் சிரித்த முகத்தோடு தேநீர் வரவழைத்திருந்தார்.

சகாயராணி முகமூடியைக் கழற்றவில்லை. "சோதனைக்கு வர்ற பெரியவங்க உக்கார்ற ஹாலை இந்தத் தளத்துல வைக்கக்கூடாதுன்னு எழுதியிருந்தேன் சார்" என்றாள்.

"மாத்திடலாம் மேடம்."

அவள் அவரைச் சோதித்துப் பார்க்க நினைத்தாள். "வேண்டாம். இங்கேயே இருக்கட்டும்."

"அதுவும் நல்லதுதான். இருக்கட்டும்."

"உங்க ஃப்ரீசரைப் பூட்டினேனே, அதுக்காக கோர்ட்டுக்குப் போவேன்னு சொன்னீங்க."

"நீங்க செஞ்சா அதுல ஒரு நியாயம் இருக்கும்" என்றார் தணிகாசலம். நக்கல் இல்லை. கண்ணில் ஒரு கலக்கமும் இல்லை. பக்கத்தில் நின்ற உதவியாளர்கள் மூவரும் அவர் சொன்னதற்குத் தலையாட்டினார்கள்.

ஆறின தேநீரை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

*

அந்த ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் கயற்கண்ணி, மறுநாள் மதிய இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டின் ஓரமாகத் தானாகவே வந்து நின்றாள். திண்டுக்கல் பக்கத்துப் பெண். நான்கு வருடமாக சகாயராணிக்கு ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை.

"மேடம், அந்த மருந்து என்ன செய்யும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மறதி நோய்க்காரங்களுக்கு. அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த பேப்பர்ல இருந்துச்சு."

"நோயைக் குணப்படுத்தாது. அந்த நோய் முத்தினவங்க சாப்பிட மாட்டேம்பாங்க, குளிக்க மாட்டேம்பாங்க, பாத்துக்க வர்றவங்களை அடிப்பாங்க, கடிப்பாங்க. மூளையில 'மாட்டேன்'னு சொல்ற ஒரு வேலை இருக்கு மேடம். அதைக் கொஞ்ச நேரம் தூங்கவைக்கிற மருந்து இது. மூக்குல அடிச்சா போதும். அப்புறம் யார் எதைச் சொன்னாலும் சரிம்பாங்க. கடைசியா யார் சொல்றாங்களோ அவங்களுக்கு."

"அது காத்துல கலந்தா?"

கயற்கண்ணி அதற்கு, "எனக்கு வர்ற ஆவணியில கல்யாணம்" என்றாள்.

"நல்லது."

"நல்லது இல்ல மேடம். அவன் என் மாமா மகன். ரெண்டு வருசமா மாட்டேன்னு சொல்லிட்டிருக்கேன். என் முகத்துல ஆசிட் ஊத்துவேன்னு ஒரு தடவை சொன்னவன். போன மாசம் அம்மா லேபுக்கே போன் பண்ணுனாங்க. சரின்னு சொல்லிட்டேன். சொல்லும்போது நெஞ்சுல இருந்து பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போனதும் வாந்தி எடுத்தேன். மாட்டேன்னு சொல்லணும்னு நெனைப்பேன். காலைல லேபுக்கு வந்ததும் எதுக்கு சண்டைன்னு தோணிரும். அவங்க பகல்லதான் போன் பண்றாங்க."

"இப்ப என்ன தோணுது?"

"இப்ப ரெண்டு நாளா லீவுல இருக்கேன்" என்று கயற்கண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "இப்ப அவனைக் கொல்லணும்னு தோணுது."

காரணத்தைக் கண்டுபிடிக்க சகாயராணிக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்த ஆய்வகத்தின் காற்று தனிக் குழாய் வழியாகக் கூரைக்குமேல் போகவேண்டும் என்பது விதி. மின்சாரம் மிச்சமாகும் என்று அந்தக் குழாயைத் தளம் முழுவதற்குமான ஏசியோடு இணைத்துவிட்டிருந்தார்கள். ஆய்வகத்தில் ஆவியாகிற மருந்து, தளத்திலிருந்த எல்லா அறைகளையும் சுற்றி வந்துகொண்டிருந்தது. முதியோர் இல்லங்களிலிருந்து சோதனைக்காக அழைத்து வந்த பெரியவர்கள் அதே தளத்து ஹாலில் உட்கார்ந்துதான் சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை. அதை ஒரு சாதனை என்று தணிகாசலம் அறிக்கையில் எழுதியிருந்தார்.

*

பதிவாளர் முத்துவேலப்பன் உள்ளூர்க்காரர். எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' போடாமல் திட்டமாட்டார்.

"ஏனுங் மேடம், உங்களுக்கு யாரு நல்லா இருந்தாலும் ஆகாதுங்களா? அடுத்த வாரம் கம்பெனிக்காரங்க ஒப்பந்தம் போட வாராங்க. இந்தப் பல்கலைக்கழகம் இதுவரைக்கும் பாத்திராத ஒப்பந்தமுங்க அது. இப்பப் போயி ஏசி, கொழாய்னுட்டு வாறீங்க."

"அங்க வேலை செய்றவங்களுக்கு வேண்டாம்னு சொல்ற சக்தியே போயிட்டிருக்கு சார். தணிகாசலம் சார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்."

"டீ வாங்கிக் குடுத்தது ஒரு குத்தமுங்களா?" பதிவாளர் துணைவேந்தரைப் பார்த்துச் சிரித்தார். துணைவேந்தர் சிரிக்கவில்லை. அவர் ஒரு பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அவசரக் குழு கூட்டறேன்" என்றார். "உங்க பக்கத்தை நீங்க சொல்லுங்க, அவர் பக்கத்தை அவர் சொல்லட்டும். தோத்துட்டீங்கன்னா இந்தப் பதவியிலேர்ந்து நீங்களே விலகிக்கணும். கூட்டத்தை அந்த மூணாவது மாடி ஹால்லயே வைப்போம். நாங்க யாரும் பயப்படலேன்னு கம்பெனிக்கும் தெரியட்டும்."

"அங்க வைக்காதீங்க சார். அந்த ஹால்லதான் பிரச்சனையே."

"உங்களுக்குத்தான் மூக்குமூடி இருக்கே" என்றார் துணைவேந்தர்.

வெளியே தணிகாசலம் காத்திருந்தார். அவர் மூன்று நாளாக ஊரில் இல்லாமல் அன்றுதான் திரும்பியிருந்தார். முகம் பழையபடி கடுகடுவென்று இருந்தது. அவரை அப்படிப் பார்த்தபோது சகாயராணிக்கு ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

"நான் உனக்கு டீ கொடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறியாமே" என்றார். மரியாதை போயிருந்தது.

"கொடுத்தது உங்களுக்கே நினைவிருக்கு இல்லையா சார்? ஏன் கொடுத்தோம்னு யோசிச்சுப் பார்த்தீங்களா?"

"என் பொண்டாட்டி யாருன்னு உனக்குத் தெரியாது. காலேஜ்ல கணக்கு வாத்தியாரா இருந்தவ. இன்னைக்கு நான் சோறு ஊட்டப் போனா கடிக்கிறா. என்னைத் திருடன்னு நெனச்சு அலறுறா. இந்த மருந்தைப் போட்ட அன்னைக்கு என் கையப் புடிச்சுக்கிட்டு சாப்பிட்டா. ரெண்டு வருஷத்துல முதல் தடவை. அதை நிறுத்தச் சொல்றியா?"

"அனுமதி இல்லாத மருந்தை வீட்ல கொடுத்திருக்கீங்க."

"எழுதிக்கோ. அதையும் எழுதிக்கோ."

"அவங்க கையைப் பிடிச்சாங்களா, இல்ல நீங்க பிடிச்சதை விட்டுட்டாங்களா சார்?"

அடித்துவிடுவார் போலிருந்தது. கை உயர்ந்து, நின்று, அப்படியே தாழ்ந்தது. "நீ ஒரு மனுஷியே இல்ல" என்று சொல்லிவிட்டு நடந்துபோனார். அந்த வார்த்தை அன்று முழுவதும் சகாயராணியை விடவில்லை. கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தாள். கேள்வி சரியானதுதான் என்றும் நினைத்தாள்.

*

கூட்டம் ஆரம்பித்தபோது ஹாலில் அனல் பறந்தது. துணைவேந்தர், பதிவாளர், மற்ற துறைத் தலைவர்கள் எல்லாரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முகமூடியோடு அவள் உள்ளே வந்ததும் வேதியியல் தலைவர் மூக்கைப் பிடித்துக்காட்டினார், சிலர் சிரித்தார்கள். அவள் பேச ஆரம்பித்தாள். குறுக்கே பேசினார்கள். ஆதாரம் கேட்டார்கள். கயற்கண்ணியின் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னபோது, "பொண்ணுங்க கல்யாணத்துக்கு சரின்னு சொல்றதுக்கும் சேஃப்டிதான் பொறுப்பா?" என்று ஒருவர் கேட்டார். தணிகாசலம் மேசையில் ஓங்கிக் குத்தி, தன் வாழ்நாள் உழைப்பை ஒரு கிளார்க் கெடுக்கப் பார்ப்பதாகச் சொன்னார்.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவள் விடாமல் பேசினாள்.

எப்போது மாறியது என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. குறுக்கே பேசுவது குறைந்தது. பதிவாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வேதியியல் தலைவர் அவளுடைய தண்ணீர் டம்ளரை நிரப்பி அவள் பக்கமாக நகர்த்தினார். துணைவேந்தரின் பேனா தட்டுவதை நிறுத்திவிட்டது.

"சோதனையைத் தொடரலாம்னு நெனைக்கிறேன்" என்றார் தணிகாசலம் மெதுவாக.

"தொடரலாமுங்க" என்றார் பதிவாளர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

சகாயராணிக்கு அப்போதுதான் உறைத்தது. "மூடணும்னு நான் சொல்றேன்" என்றாள்.

"மூடறதுதான் நல்லதுங்க" என்றார் அதே பதிவாளர், அதே முகத்தோடு. "அதுவும் சரிதான்" என்றார் துணைவேந்தர். தணிகாசலம் அவளைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தார். "மேடம் சொன்னா மூடிடலாம்."

உடனே மூடும்படி ஆணை ஒன்றை அவள் முன்கூட்டியே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தாள், இவர்கள் கையெழுத்துப் போடப்போவதில்லை என்று தெரிந்தே. அதை மேசையில் வைத்தாள். கையை நீட்டி வைத்தபோதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஒருவர் பின் ஒருவராகப் போட்டார்கள். துணைவேந்தர் தன் பெயரின் கடைசி எழுத்தைக் கவனமாக வளைத்து முடித்து, "சரியா இருக்கா?" என்று அவளிடம் கேட்டார். இத்தனை வருடத்தில் அவளிடம் அவர்கள் இப்படி அன்பாக நடந்துகொண்டதில்லை. அவளுக்கு அங்கிருந்து ஓடவேண்டும் போலிருந்தது.

"எல்லாரும் எழுந்து கீழே வாங்க" என்றாள். எழுந்து வந்தார்கள்.

*

கட்டடத்துக்கு எதிரே கார் நிறுத்துமிடத்தில், கொன்றை மர நிழலில் அவர்களை நிற்கவைத்தாள். வெளிக்காற்று பட்டு மெல்ல மெல்லத் தெளிந்தார்கள். முதலில் வேதியியல் தலைவர் எதற்கு இங்கே நிற்கிறோம் என்று எரிந்து விழுந்தார். அப்புறம் பதிவாளர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு அவளை முறைத்தார். துணைவேந்தர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சகாயராணி கையில் ஆணை இருந்தது. அதைக் கிழித்துப்போடவேண்டும் என்றுதான் அவர்களைக் கீழே அழைத்து வந்தாள். ஹாலில் உட்கார்ந்த பெரியவர்களின் கையெழுத்து செல்லாது என்றால் இதுவும் செல்லாது. தங்களுக்கு நடந்ததைத் தாங்களே உணர்ந்த பிறகு, தெளிந்த புத்தியோடு இன்னொரு முறை போடுவார்கள் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையோடு காகிதத்தின் இரு முனையையும் பிடித்தாள்.

"தணிகாசலம்" என்றார் துணைவேந்தர். குரல் தாழ்ந்திருந்தது. "இது ஒரு தடவை உள்ள போனா எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அது நோயாளிங்களுக்கு சார்" என்றார் தணிகாசலம். அவர் முகம் வெளுத்திருந்தது.

"எவ்வளவு நேரம்னு கேட்டேன்."

தணிகாசலம் தரையைப் பார்த்தார். "அந்தக் காத்துல உக்கார்ந்திருக்கிற வரைக்கும் நிக்கும் சார்" என்றார்.

பதிவாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஊழியர் சங்கத்துக்காரங்க பேச்சுவார்த்தைக்கு வாறேன்னு இருக்காங்க. ஸ்ட்ரைக்குனு மெரட்டறாங்க. அதை இந்த ஹால்லயே வெச்சுக்கலாமுங்களா?"

யாரும் அதிரவில்லை. ஒருவர், உட்காருகிறவர்களில் நம் ஆட்களுக்கு மட்டும் முகமூடி கொடுக்கமுடியுமா என்று கேட்டார். அதற்கு இன்னொருவர் மேடத்தைக் கேட்கலாமே என்றார், சிலர் சிரித்தார்கள். எல்லாரும் முழுத் தெளிவோடு இருந்தார்கள்.

சகாயராணி காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"அந்தக் காயிதத்தை இப்படிக் குடுத்துருங்க மேடம்" என்றார் பதிவாளர். "அது செல்லாதுங்க."

"ஏன் சார் செல்லாது?"

"நாங்க நெதானத்துல இல்லாதப்பப் போட்டதுங்க."

"அப்ப அதை எழுதிக் கொடுங்க. மூணாவது மாடியில கசிவு இருந்துச்சு, அந்தக் காத்தைச் சுவாசிச்சு எங்க புத்தி எங்ககிட்ட இல்லைன்னு. ஒரு வரி போதும். நான் டெல்லியில இருக்கிற பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்பறேன், அவங்க வந்து கட்டடத்தையே பூட்டுவாங்க. எழுத மாட்டீங்கன்னா புத்தியோடதான் போட்டிருக்கீங்க, அப்ப இது செல்லும். நான் இப்பவே போய் மூடறேன். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

பதிவாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். துணைவேந்தர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அவள் பக்கம் திரும்பினார். அப்படி ஒரு வெறுப்பை அவள் அதற்கு முன் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

"மூடுங்க" என்றார். "நாளைக்கே உங்களை வேற இடத்துக்கு மாத்தறேன்."

அவள் படியேறிப் போய் மின்சாரத்தை அணைத்து, தளத்தின் கதவுகளைப் பூட்டி அரக்கு வைத்தாள். அவர்கள் மனம் ஒப்பாமல் போட்ட கையெழுத்தை வைத்துத்தான் பூட்டியிருக்கிறோம் என்பது அரக்கு காய்கிற வரை அவளுக்கு உறுத்தியது. காய்ந்த பிறகும் உறுத்தியது.

*

துணைவேந்தர் சொன்னபடியே செய்தார். அவளை நூலகக் கட்டடப் பராமரிப்புக்கு மாற்றினார்கள். பல்கலைக்கழகம் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது: கசிவு எதுவும் இல்லை, பராமரிப்புக்காக நிர்வாகமே முன்வந்து தற்காலிகமாக மூடியிருக்கிறது, விரைவில் திறக்கப்படும். சகாயராணி டெல்லிக்குப் புகார் எழுதினாள். விசாரணைக்கு ஆள் அனுப்புகிறோம், உள்ளே வேலை செய்தவர் ஒருவராவது நேரில் சாட்சி சொல்லவேண்டும் என்று பதில் வந்தது. உதவியாளர்கள் மூவரும் அவள் போனை எடுக்கவில்லை. தணிகாசலத்தின் வீட்டுக்குப் போனாள். உள்ளே ஒரு பெண் அலறும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை.

கயற்கண்ணி ஹாஸ்டலைவிட்டு வெளியே ஒரு சின்ன அறை எடுத்துத் தங்கியிருந்தாள். சகாயராணி போனபோது வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினாள்.

"கல்யாணத்தை நிறுத்திட்டேன் மேடம். அம்மா என்கூட பேசறதில்ல. மாமா வீட்ல இருந்து ஆள் வந்து கத்திட்டுப் போனாங்க. அவனும் வந்தான். போலீஸ்ல சொல்லியிருக்கேன்."

"நல்ல வேலை செஞ்ச. விசாரணைக்கு ஆள் வர்றாங்கம்மா. உனக்கு நடந்ததை நீ சொன்னா போதும்."

"மாட்டேன்."

சகாயராணி சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தாள். "நீ சொல்லலன்னா திறந்துருவாங்க. அந்தப் பெரியவங்களை மறுபடி கூட்டிட்டு வருவாங்க. உன்னை மாதிரி இன்னொரு பொண்ணு அங்க உக்காரும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"மேடம், மருந்து ஏறுனதால சரின்னு சொன்னவள்னு ஒரு தடவை கவர்மென்ட் பேப்பர்ல என் பேரு வந்துச்சுன்னா அவ்வளவுதான். மாட்டேன்னு நான் சொன்னதையும் மருந்துலதான் சொன்னான்னு மாமா வீட்ல சொல்லுவாங்க. நான் வாயத் திறந்து எதைச் சொன்னாலும் அது நானா மருந்தான்னு கேப்பாங்க. இந்த ஒரு வார்த்தையத் திரும்ப எடுக்கறதுக்கு நான் பட்டது போதும். அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். உங்களுக்கும்தான்."

சகாயராணிக்கு ஆத்திரம் பொங்கியது. இந்தப் பெண்ணுக்காகத்தானே பதவியை இழந்தோம் என்று சொல்ல வாய்வரை வந்தது. சுயநலம் என்று திட்டத் தோன்றியது. தோளைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. தன் எதிரே நின்று இத்தனை வருடம் பல்லைக் கடித்தவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தபோது அந்த ஆத்திரம் தணியவில்லை, இன்னும் கூடத்தான் செய்தது.

"இன்னொரு தடவை யோசிச்சுப் பாரு" என்றாள்.

"யோசிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு கயற்கண்ணி கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

சகாயராணி சாத்திய கதவின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். இன்னொரு முறை தட்டவில்லை. இந்தப் பெண் இல்லாமல் விசாரணையை எப்படி நடத்துவது என்று யோசித்துக்கொண்டே படியிறங்கினாள்.